ஜன்னலுக்குக் கீழே இருந்த பெஞ்ச்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர்த்து நான் முழு நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் போனில் நீ சொல்லவா போகிறாய்.

என் ஜன்னலுக்குக் கீழே தெருவோரம் இருந்த இரும்பு பெஞ்சை மூன்று வாரத்துக்கு முன் நகராட்சி ஆட்கள் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள், யாரோ புகார் கொடுத்தார்களாம், யார் என்றால் மென்று முழுங்குகிறார்கள். முதல் சந்தேகம் மருந்துக் கடைக்காரர் மேல், மறுநாளே அந்த இடத்தில் தன் ஸ்கூட்டரை நிறுத்தினாரே. அப்புறம் மேல்மாடி வக்கீலம்மா, என்னைக் கண்டால் படியில் வேகம் கூடுகிறது. ஏம்மா முகம் வாடியிருக்கு என்று தையல்காரி கேட்டாள், அதுவே எனக்கு இடித்தது. காலையில் அந்த பெஞ்சில் கூடிப் பேசுகிறவர்களில், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவருக்குப் பத்தடிக்கு ஒருதரம் உட்கார வேண்டும், இப்போது இந்தப் பக்கமே வருவதில்லை. டீச்சரம்மாவும் உடைந்த நடைபாதையில் நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேசுவாள். போன மாதம் நான் தலைசுற்றி விழுந்தேன், நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. பத்து மணியாகியும் கீழே காணோமே என்று மாடியேறி வந்து கதவைத் தட்டியவர்கள் இவர்கள்தான். இனி விழுந்தால் யாருக்குத் தெரியும், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று தையல்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கே போய்விட்டேன். குமாஸ்தா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க பையன்தாம்மா மெயில் அனுப்பியிருக்காரு. வயசான அம்மாவுக்கு பெஞ்சுல உக்கார்றவங்க சத்தத்துல தூக்கமே இல்லையாம்."

தையல்காரி சுவரைப் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரமாகத் தெருவையே சந்தேகப்பட்ட என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது. விடிந்ததும் விடியாததுமாக வந்து வளவளக்கிறார்கள் என்று உன்னிடம் நான் அலுத்துக்கொண்டது உண்மைதான். அலுத்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கீழே போய்விடுவேன் என்ற பாதியைச் சொன்னதில்லை, அது என் தப்பு.

புகார் கொடுத்தவரே எழுதினால் பெஞ்சைத் திரும்பப் போடுவார்களாம், இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன் எழுதிவிடு. தையல்காரி யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள், அவளை முழுசாக நம்புவதற்கில்லை. நல்லது நினைத்துத்தான் செய்தாய், தெரியும், நீ நூறு வயது நன்றாக இரு. இன்று காலை ஜன்னலைத் திறந்து வெகுநேரம் நின்றேன், நீ கேட்டுக்கொண்டபடியே ஒரு சத்தமும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா