தோளை இறக்கு

ஜூன் 4, புதன்

விநாயகம் மாஸ்டருக்கு எங்கள் தோள்கள் பிடிக்கவில்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கினால் தோள் காது வரை ஏறிவிடுகிறதாம், போட்டோவில் கழுத்தே தெரிவதில்லையாம். போன வருடம் யோகா தினத்தன்று ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில் எடுத்த படத்தைச் செல்போனில் பெரிதாக்கிக் காட்டினார். "பாருங்கம்மா, மலை எவ்ளோ கம்பீரமா நிக்குது. நீங்க இன்னாடான்னா மழைல நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறீங்க."

நாற்பது பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

இந்த வருடம் கழுத்து தெரிந்தாக வேண்டும். அதனால் எனக்கு ஒரு பதவி. மண்டப மேடையில் நின்று மைக்கில் "தோளை இறக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல, நான் வரிசைகளுக்கு நடுவே நடந்து, ஏறி நிற்கும் தோள்களைப் பின்னாலிருந்து அழுத்த வேண்டும். மூன்று வருடமாக வருகிறேன், ஆசனம் சுத்தமாக இருக்கிறது, அதனால் நான்.

எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். நைனாவின் நோட்டுப் புத்தகக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து, ஆள் இல்லாத நேரத்தில் படித்துக்கொண்டு, யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள் நான். எனக்கு இத்தனை பேரைத் தொட்டுத் திருத்தும் உரிமை!

ஜூன் 9, திங்கள்

வலது கை முதுகுப் பக்கம் போகவில்லை. உள்ளாடையின் கொக்கியை முன்னால் மாட்டிவிட்டு, பிறகு சுற்றித் திருப்பிக்கொள்கிறேன். மாஸ்டரிடம் சொன்னேன். "வலின்னா உடம்பு தொறக்குதுன்னு அர்த்தம்மா."

கதவா என்ன, திறப்பதற்கு? ஆனால் அங்கே தலையைத்தான் ஆட்டினேன்.

ஜூன் 14, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மங்கை அக்கா கடைசி வரிசை. யோகா தினத்தன்று நாங்கள் போட்டுக்கொள்ளப் போகிற வெள்ளைச் சுடிதார் நாற்பதும் அவள் தைத்தவை. ஆனாலும் அவள் கடைசி வரிசை, நாங்கள் கடைத்தெருக் குடும்பத்துப் பெண்கள் முன்வரிசை. யாரும் அப்படி அறிவித்ததில்லை. அறிவிக்காமலே எல்லோரும் அவரவர் இடத்தில் போய் நின்றுகொள்கிறோம்.

இன்று சூரிய நமஸ்காரத்தின் முப்பதாவது சுற்றில் மாஸ்டரின் குரல்: "கடைசி வரிசைல ஒரு தோள் ஏறியே நிக்குது. ஸ்ரீநிதி, அத இன்னான்னு பாரு."

போனேன். கைகளைத் தூக்கியபடியே அக்கா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மெதுவா, ஸ்ரீநிதி. ஸ்கூல் துணி தச்சித் தச்சி தோளு கல்லாட்டம் இருக்குது."

எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் எழுத இந்த நோட்டு எதற்கு? எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் வைத்து, முழு எடையையும் போட்டு அழுத்தினேன்.

என் வலது உள்ளங்கைக்கு அடியில் ஏதோ நழுவியது. சத்தம் கேட்டதா, கைக்குத்தான் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை. "ஐயோ எம்மா" என்றாள். அவள் கை தானாகக் கீழே விழுந்தது.

மாஸ்டர் மேடையை விட்டு இறங்கவில்லை. "ஒண்ணும் இல்ல, சவாசனத்துல படுங்க" என்று மைக்கில் சொன்னார். அவளும் படுத்தாள். கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

மாஸ்டர் போன் செய்தார். "அந்தம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்குதாம். நாளைக்கு யோகாவால வந்துச்சின்னு ஒரு பேச்சு வரக் கூடாது. நீதான் நல்லா எழுதுவியே, குரூப்ல ரெண்டு வரி போட்டுடு."

போட்டேன். "தொடர்ந்து தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து வேலை செய்வதால் மங்கை அக்காவுக்குத் தோள்வலி ஏற்பட்டுள்ளது. அவர் விரைவில் நலம்பெறப் பிரார்த்திப்போம்." முப்பத்தோரு பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

"ஏற்பட்டுள்ளது." யார் ஏற்படுத்தியது என்று சொல்லாமல் தப்பிக்க எவ்வளவு வசதியான சொல்! இத்தனை புத்தகம் படித்து நான் கற்றது இதைத்தானா?

ஜூன் 18, புதன்

மங்கை அக்காவின் மெஷின் மூடிக் கிடக்கிறதாம். பாதி தைத்த யூனிபார்ம்களைப் பெற்றோர்கள் வந்து வாங்கிக்கொண்டு வேறு டெய்லரிடம் போகிறார்களாம். நோட்டு வாங்க வந்த ஒரு பெண் சொன்னாள். மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 21, சனி

முப்பத்தொன்பது பேர். கிழக்கே பார்த்து நின்றோம், பின்னால் ராஜகிரி. கைகளை மேலே தூக்கச் சொன்னார்கள். போட்டோக்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், "யாரும் கைய இறக்காதீங்க, மேகம் விலகட்டும், கோட்டை மேல வெயில் வரட்டும்" என்றார். வெயில் அதன் பாட்டுக்கு வந்தது. மாஸ்டர் ஓரத்தில் நின்று பல்லைக் கடித்தபடி: "தோளை இறக்கு, தோளை இறக்கு."

என் வலது தோளுக்குள் கத்தி. கண்ணில் நீர் முட்டியது. அடுத்து நின்றவள் "பக்தியா ஸ்ரீநிதி?" என்றாள். அறைந்திருப்பேன், கை வந்திருந்தால்.

படத்தில் எல்லோருக்கும் கழுத்து தெரிகிறது.

ஜூன் 23, திங்கள்

அரசு மருத்துவமனைக்குப் போனேன். இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கலைமதி என்று ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். "தோளை ஏன் அமுக்கிப் புடிச்சிட்டே தூக்குறீங்க?"

"அதுதானே சரி?"

"யாரு சொன்னது?"

சொன்னேன். அவள் என் முதுகில், தோள்பட்டை எலும்பின் மேல் கையை வைத்தாள். "இப்ப விட்டுட்டுத் தூக்குங்க. அது எங்க போவுதோ போவட்டும்." தூக்கினேன். எலும்பு அவள் கையோடு வழுக்கி வெளிப்பக்கமாகத் திரும்பி மேலே ஏறியது. பாதி வலிதான்.

"கை மேல போறப்ப இந்த எலும்பும் கூடவே ஏறித் திரும்பணும். அப்பதான் உள்ள எடம் கெடைக்கும். அத ஏற விடாம அமுக்கிட்டு கைய மட்டும் தூக்கினா, நடுவுல தசைநார் மாட்டி நசுங்குது. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி?"

"நாற்பது."

"நாப்பது வாட்டி நசுக்கிட்டு, அப்புறம் வலிக்குதுன்னு இங்க வர்றீங்க. போன வாரம் ஒரு டெய்லரம்மா வந்தாங்க. அவங்களுக்குத் தசைநார் கொஞ்சம் கிழிஞ்சே போச்சு. யாரோ பின்னாடி நின்னு அமுக்குனாங்களாம். இன்னா மனுஷங்களோ!"

நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அவ்வளவு கோபம். யார் மேல்? மாஸ்டர் மேல் முதலில். பிறகு யோகம், மனம், விடுதலை என்று நான் படித்த அத்தனை புத்தகங்கள் மேலும். ஒன்றில்கூடத் தோள்பட்டை எலும்பு ஏறும் என்று இல்லை. இருந்து, நான்தான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேனா?

இல்லை, இது சும்மா சுற்றி வருவது. எனக்கே இரண்டு வாரத்துக்கு மேலாக வலித்தது. வலிப்பதைத்தான் மற்றவர்களுக்கும் செய்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். கலைமதி சொன்னதை அப்படியே சொன்னேன்.

"முப்பது வருஷமா சொல்லித் தர்றேன். நேத்து வந்த பொண்ணு எனக்குத் தோள் பாடம் எடுக்குதா?"

"மங்கை அக்காவுக்குக் கிழிஞ்சிருக்கு, மாஸ்டர்."

"நீதான அமுக்கின?"

அவர் அலமாரி மேல்தட்டில் இருந்த பதிவேட்டை எடுக்கத் திரும்பினார். இடது கையால் எட்டினார். எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அப்போதும் இடது கையால்தான் எடுத்தார். வலது கை இடுப்போடு ஒட்டியிருந்தது. மூன்று வருடத்தில் அவர் ஒருமுறைகூடத் தானே கைகளைத் தூக்கிக் காட்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பரிதாபம் வரவேண்டும்தானே? வரவில்லை. இன்னும் எரிந்தது. தெரிந்திருக்கிறது இந்த மனிதருக்கு! தன் தோளிலேயே தெரிந்திருக்கிறது!

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன்: "ஜூன் 14 அன்று மங்கை அக்காவின் தோளைப் பின்னாலிருந்து அழுத்திக் காயப்படுத்தியது நான். மெதுவாக என்று அவர் சொல்லியும் அழுத்தினேன். தையல் வேலையால் என்று நான் எழுதியது பொய். கை மேலே இருக்கும்போது யாரும் தோளை இறக்க வேண்டாம்."

ஒன்பதாவது நிமிடம் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பத்தாவது நிமிடம் அம்மாவுக்குப் போன்.

"உன்ன யாருடி கேட்டா? இந்த ஊர்ல கடை வச்சிருக்கோம். ஆள ஒடிச்சேன்னு நீயே எழுதிப் போடுவியா?"

நைனா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எழுதிட்டா. விடு, ஜெயம்" என்றார். அது என் பக்கமா, எந்தப் பக்கமும் இல்லையா?

ஜூன் 25, புதன்

மங்கை அக்கா வீடு திருவண்ணாமலை ரோட்டைத் தாண்டி, காலனியில். இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல் தடவை போகிறேன். அவள் வாசலில் நின்றாள், வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணித் தூளியில்.

"வா. பாக்க வந்தியா, அமுக்க வந்தியா?"

"மன்னிச்சிடுங்கக்கா."

"அத வச்சி நான் இன்னா பண்றது? ஒரு ஜாக்கெட்டுக்கு ஆவுமா?"

"குரூப்ல உண்மைய எழுதிட்டேன்."

"படிச்சேன். அதுக்கு முன்னாடி எழுதினதயும் படிச்சேன். ரெண்டும் ஒரே கைதான? தையல் வேலையால வந்துச்சாமே! பதினாறு வருசமா தைக்கிறேன், ஒரு நாள் வலின்னு மெஷின மூடுனதில்ல. வெள்ளை வெள்ளையா நாப்பது பேருக்கும் தச்சிக் குடுத்துட்டுக் கடசீல நின்னேன் பாரு, என்னச் சொல்லணும்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன், எளிதாக முடிந்திருக்கும். உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் முன் போட்டாள். தைத்து முடித்த பன்னிரண்டு ஜாக்கெட்டுகள், கொக்கி மட்டும் பாக்கி.

"கொக்கி தைப்பியா?"

"தெரியாதுக்கா."

"எம்.ஏ. படிச்சியே?"

ஜூன் 27, வெள்ளி

ஏழு கொக்கி. ஐந்தைப் பிரிக்கச் சொன்னாள்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா கேட்டாள்: "அவங்க வீட்ல தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன். டீயும் குடிச்சேன். நேத்து சோறும் தின்னேன்."

அம்மா என் டம்ளரை மட்டும் தனியாகக் கழுவி வைத்தாள். நான் அதை எடுத்து மற்ற டம்ளர்களுக்கு நடுவே வைத்தேன். எடுத்தாள். மறுபடி வைத்தேன். இரண்டு பேரும் வாய் திறக்காமல் ஒரு டம்ளரை வைத்துச் சண்டை போட்டோம்.

ஜூலை 13, ஞாயிறு

அக்காவோடு நானும் செய்கிறேன். கலைமதி சொன்னபடி, சொன்ன வரிசையில்.

முதலில் குனிந்து, தளர்ந்த கையைக் கிணற்று வாளி போல் ஆடவிடுவது. பிறகு சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே மேலே ஏறுவது. கை ஏற ஏறத் தோளும் ஏறட்டும், பிடிக்கக் கூடாது. வலி தொடங்கும் இடத்தில் நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. உடம்பைக் கம்பு போல் நீட்டிக் கைகளில் தாங்கும் சதுரங்க தண்டாசனம் இப்போது தரையில் கிடையாது, சுவரில்தான். முழங்கை விலாவை ஒட்டி இருக்க வேண்டும். உள்ளங்கை முழுக்கச் சுவரைத் தள்ள வேண்டும். தோள் முன்னால் சரிந்தால் அதோடு அன்றைக்கு முடிந்தது.

"பல்லி ஏறுது பாரு" என்றாள் அக்கா, என்னைப் பார்த்து. அவள் விரல்கள் அவள் மூக்கு உயரத்துக்கு மேல் போகவில்லை. அங்கே நின்றுவிட்டு, சுவரைக் கெட்ட வார்த்தையால் திட்டினாள். நானும் திட்டினேன். எனக்கு அவ்வளவு வார்த்தை தெரியும் என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மண்டபத்தைத் தாண்டி வந்தேன். மைக்கில் அதே குரல்: "தோளை இறக்கு." உள்ளே போய் மைக்கைப் பிடுங்க வேண்டும் போல் இருந்தது. போகவில்லை. கோழை.

அக்கா வீட்டில், முன்வரிசையில் எனக்கு அடுத்து நின்றவள் உட்கார்ந்திருந்தாள், பக்தியா என்று கேட்டவள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தாளாம். அக்காவால் இப்போது கத்தரி பிடிக்க முடிகிறது. கிளம்பும்போது வந்தவள் குனிந்து அக்காவின் காதில் என்னவோ சொன்னாள்.

"தோளு வலின்னா அங்க மைக்ல சொல்லு. எங்காதுல ஏன் சொல்ற?" என்றாள் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி. பிறகு என்னைக் காட்டி, "சொவுரு அதோ. இவ சொல்லிக் குடுப்பா. பின்னாடி மட்டும் நிக்க வுடாத."

செப்டம்பர் 9, செவ்வாய்

கண்ணாடியில் என் கையைப் பார்த்தேன். எலும்பு திரும்பி ஏறுகிறது. வலி இல்லை. சந்தோஷப்படக் கூச்சமாக இருக்கிறது. அக்காவின் விரல்கள் இன்னும் அவள் நெற்றியைத் தாண்டவில்லை. முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறாள் கலைமதி. அவளிடமும் போன வாரம் சொல்லிவிட்டேன், அமுக்கியது நான்தான் என்று. "தெரியும், அவங்க மொத நாளே உங்க பேர சொல்லிட்டாங்க" என்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தீபாவளித் துணிகள் வந்து குவிகின்றன. மெஷின் பாதி வேகத்தில் ஓடுகிறது. நடுவில் நிறுத்திக் கையை ஆட்டிவிட்டு மறுபடி மிதிக்கிறாள். ஒரு பச்சைப் பட்டு ஜாக்கெட்டை என்னை நம்பிக் கொடுத்தாள். ஆறு கொக்கியையும் தைத்து, நிமிர்ந்த தலையோடு எழுந்து அவளிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, அவளும் மெஷினை விட்டு எழுந்தாள்.

"இன்னாடி இது? கொக்கி எல்லாம் வெளிப்பக்கமா தச்சி வச்சிருக்க! இத யாரு போடுவா, உங்க மாஸ்டரா?"

ஓங்கி என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

நான் அவளைவிட ஒரு சாண் உயரம். வலது கையால்தான் குட்டினாள்.

கை என் தலைமேல் அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். பிறகு மெல்லக் கீழே இறக்கி, இடது கையால் தோளைத் தடவிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

"பிரி" என்றாள்.

பிரித்தேன்.