தகரப் பெட்டியில் முப்பது கேள்விகள்

அக். 6, திங்கள்

விடியலிலிருந்து மழை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு அரை மணி பிந்தியது. இந்த வாரம் தோட்டத்தின் இரண்டு டிவிசனும் ஒரே தேயிலை மலையில்.

கீழ் டிவிசன் விஜயா பக்கத்து நிரையில் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "ஊரீம் தும்மீம்னா பிரதான ஆசாரியன் மார்ப்பதக்கத்துல வச்சிருந்தது. கடவுள்கிட்ட கேட்டு முடிவெடுக்க." கை கொழுந்தில், வாய் வேதாகமத்தில்.

அது நான் எழுதிய கே. 11, பதினோராம் கேள்வி.

அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு டிவிசன் பெண்களுக்கும் வேதாகம வினாடி வினா. கேள்வி எழுதும் வேலையை உபதேசியார் என்னிடம் கொடுத்தார். கொழுந்தெடுக்கிற ஒருத்தியை நம்பிக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. முப்பது கேள்வி. எழுதிய கொப்பி தகரப் பெட்டியில், சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

விஜயா கோயிலுக்கு வருவதே இரண்டு ஞாயிறுக்கு ஒரு தடவை. அவளுக்கு ஊரீம் எங்கிருந்து வந்தது?

அக். 7, செவ்வாய்

கொஞ்சம் வெயில். துணி காயவில்லை. வட்டகொடைக் கடையில் வாங்க வேண்டியது: உப்பு, பேனா, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து.

கொப்பியைப் பார்த்தவர்கள்:
அவர். கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
உபதேசியார். முதல் பத்து கேள்வி மட்டும்.
ஜெயசீலி. போன வாரம் தேத்தண்ணி குடிக்க வந்தவள் கொப்பியைப் புரட்டினாள். கையில் போன் இருந்தது. படம் பிடித்தாளா?

ஜெ.யும் நானும் பதினாறு வருடமாக ஞாயிறு பாடசாலை நடத்துகிறோம். என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள். ஆனால் விஜயா அவளுக்கு அண்ணி.

இன்னொன்று. சாயந்திரம் ஆறரைக்கு நான் கொப்பியும் வேதாகமமுமாக உட்கார்ந்தால் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பரமேஸ்வரி டி.வி.யை நிறுத்திவிடுகிறாள். நல்ல நாடகம் ஓடுகிற நேரம். மரியாதைக்கா? அவர்கள் சைவம், அப்படி என்ன மரியாதை. கவனிக்க வேண்டும்.

அக். 8, புதன்

கேட்டுவிட்டேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும்.

"கேள்விய ஒங்க அண்ணிக்கு குடுத்தியா ஜெயசீலி?"

"என்னக்கா சொல்றீங்க?"

"ஊரீம் தும்மீம் அவ வாயில எப்படி வந்துச்சு?"

அவள் முகம் செத்துப்போனது. "பதினாறு வருசம் ஒரே பெஞ்சில ஒக்காந்தோமே. நான் திருடியா?" என்றாள். அவ்வளவுதான். சாயந்திரம் ஞாயிறு பாடசாலைச் சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்பினாள். இவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. அதுவும் ஒரு மாதிரிதான்.

ஆகானை நினைத்துக்கொண்டேன். எரிகோவில் திருடியதைக் கூடாரத்துக்குள் புதைத்தவன். கோத்திரம், வம்சம், வீடு என்று குறுக்கிக்கொண்டே போய் அவனைப் பிடித்தார்கள். நானும் பிடித்துவிட்டேன். நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை.

அக். 9, வியாழன்

மூடுபனி. பக்கத்தில் நிற்பவள் தெரியவில்லை, பேச்சு மட்டும். விஜயா குரலில் இன்றைக்கு கே. 24, ஆசாரியர் உடுத்தும் ஏபோத். அது நேற்றுச் சாயந்திரம் மாற்றி எழுதிய கேள்வி. ஜெ. அதைப் பார்த்திருக்கவே முடியாது.

அப்படியானால் இவரா?

"நீங்க விஜயாகூட பேசுவீங்களா?"

"எந்த விஜயா?"

"எத்தன விஜயாவ தெரியும் ஒங்களுக்கு?"

"சரி, இன்னைக்கு நான் மாட்டுனேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சோதனைக்கு ஒரு புதுக் கேள்வி. கே. 31. உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்டுச் செத்தவன் யார், ஏன் தொட்டான்? யாருக்கும் காட்டவில்லை. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துப் பூட்டினேன். இவர் அப்போது வீட்டிலேயே இல்லை.

அக். 10, வெள்ளி

தூறல். அட்டை இரண்டு காலில்.

பரமேஸ்வரி கொழுந்து எடுத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, அந்த ஊசா பாவம் இல்லையா? மாடு மெரண்டு பெட்டி சரியுதுன்னுதானே புடிச்சான். அதுக்குப் போயி சாவா?"

என் கை நின்றுவிட்டது. "ஒனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான். நேத்து ரெண்டு தடவ படிச்சீங்களே. நடுச் சொவருக்கு மேல தெறந்துதானே கெடக்கு. நீங்க ஆரம்பிச்சதும் டி.வி.ய நிப்பாட்டிட்டு ஒக்காந்துருவோம். மறுநா விஜயாவுக்கு கதைய சொல்லிக்கிட்டே எடுப்பேன், வேல தெரியாம போகும். நாங்க கேக்கணும்னுதானேக்கா சத்தமா படிக்கிறீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்.

எழுதியதை எல்லாம் வாய்விட்டு வாசித்திருக்கிறேன். பதிலையும் சேர்த்து. அவர்கள் இருமினால் எனக்குக் கேட்கும். என் குரல் மட்டும் அந்தப் பக்கம் போகாது என்று எந்தப் புத்தி நினைத்தது? ஊரில் உள்ள எல்லாரையும் சந்தேகப்பட்டேன், என் வாயைத் தவிர.

ஜெ. வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம். கதவைத் தட்டக் கை வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். ஜெயசீலி, தப்பு என் மேலதான், நீ ஒண்ணும் செய்யல. மூன்று தரம். மூன்று தரமும் அழுகைதான் வந்தது. பிறகுதான் சுவர் ஞாபகம். அந்தப் பக்கம் டி.வி. நின்றிருந்தது.

அக். 11, சனி

வானம் வெளித்திருக்கிறது. உபதேசியாரிடம் சொல்லி முப்பத்தொன்றையும் மாற்ற வேண்டும்.

பெரட்டில் ஜெயசீலி என் பக்கத்தில் வந்து நின்றாள். "பரமு காலையிலேயே வந்து சொல்லிட்டா. மூணு தடவ அழுதீங்களாமே."

நான் வாய் திறப்பதற்குள், "அது சொவருகிட்ட சொன்னது. எனக்கு சொன்னதா எடுத்துக்க மாட்டேன். எல்லார் முன்னாலயும்தானே கேட்டீங்க" என்றாள்.

மத்தியானம், நிறுக்கும் இடம். முப்பது நாற்பது பேர். விஜயா, பரமேஸ்வரி, கணக்கப்பிள்ளை. கூடையை இறக்காமலேயே சொன்னேன். சத்தமாக. முழுசாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மடியில் முடிந்து வைத்திருந்த ஞாயிறு பாடசாலைச் சாவியை எடுத்து ஜெயசீலியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நாளைக்கு நீங்களே தெறங்கக்கா. வந்தா வாறேன்."