சிலிண்டருக்கு நாலு நம்பர்தான்

பதினேழாம் பிளாக்,
நெய்வேலி,
மாசி 14.

மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, அண்ணன் நெடுமாறன், அண்ணி அன்புக்கரசி எல்லோரும் நலம். நீயும் மஸ்கட்டில் நலமாகத்தான் இருப்பாய், முதல் தேதியானால் சம்பளம் வருகிறவளுக்கு என்ன கேடு. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் பாதியில் அழுதுவிட்டு வைத்துவிடுவாய், நான் மறுபடி கூப்பிட்டு முதலிலிருந்து சொல்ல வேண்டும். காகிதம் அப்படி இல்லை, அழுதாலும் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். தாஜுதீன் மகன் ரைஹான் வியாழக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா இரண்டு கிலோ வடகம் கட்டி வைத்திருக்கிறாள். ஒரு கிலோ போதும், பையன் சுமக்க வேண்டாமா என்றேன். எட்டு நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை, வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறது, அதுவும் நல்லதுதான்.

தை மாதம் அன்புக்கரசிக்கு வளைகாப்பு நடந்தது. நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள், ஏழு வகை சாதம், எல்லாருக்கும் தாம்பூலப் பையோடு எவர்சில்வர் டப்பா. உனக்குச் சொல்லவில்லை என்று கோபப்படாதே. முப்பத்து மூன்று வயதுக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லாதவள் அங்கே வந்து நின்றால் சம்பந்தி வீட்டார் என்ன பேசுவார்கள் என்று உனக்கே தெரியும். நீ இல்லாவிட்டாலும் செலவு உன்னுடையதுதான், அதனால் புண்ணியம் உனக்கும் உண்டு. எப்படி உன்னுடையது என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வருமான வரி ஆபீசிலிருந்து உன் பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதறாதே, பதறினால் ஒன்றும் குறையப் போவதில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகு ஃபோனில் ரம்மி ஆடியது உனக்குத் தெரியாது. முப்பத்து மூன்று வருஷம் சுரங்கத்தில் மூன்று ஷிப்டும் பார்த்தவனுக்குப் பகலெல்லாம் விழித்துக்கொண்டு சும்மா உட்கார வரவில்லை. அந்த ஆட்டத்துக்குப் பான் கார்டு கேட்டார்கள். என்னுடையதைக் கொடுத்தால் பென்ஷனுக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்று பயம். நெடுமாறன் இப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருக்கிறான், இந்தக் குவார்ட்டர்சே அவன் பேரில்தான், அவன் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி விழலாமா. உன் கார்டு பீரோவில் சும்மா கிடந்தது. உன் சிம்மும் போன தீபாவளிக்கு நீ வந்து எடுத்துப் போகும்வரை என்னிடம்தான் இருந்தது. அதனால் இளவேனில் என்ற பேரில் நான் ஆடினேன். இதில் என்ன தப்பு? வளையமாதேவிப் பக்கம் உன் அம்மா பேரில் இருந்த ஒன்றரை ஏக்கரைச் சுரங்கத்துக்குக் கொடுத்தோம், வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு எங்கே வேலை என்று அவள் கேட்டாளா? நம் வீட்டில் பேர் ஒருத்தருடையதாக இருக்கும், அனுபவிப்பது எல்லோருமாக இருக்கும். அப்படித்தான் நீயும் நர்சிங் படித்தாய்.

ஒரு ஆட்டத்தில் உன் பேருக்கு ஆறு லட்சம் ஜெயித்தேன். உண்மையில் ஜெயித்தேன் அம்மா, உன் அப்பன் ஒன்றும் மட்டி இல்லை. கம்பெனிக்காரன் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தை வரி என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தான். அதை இன்னொரு ஆட்டத்தில் போட்டேன், போய்விட்டது. போனதைப் பிடிக்க உன் வங்கி டெபாசிட் ஐந்து லட்சத்தை உடைத்தேன், அதுவும் போய்விட்டது. மந்தாரக்குப்பத்தில் மனை வாங்கி அம்மாவை வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அந்த ஐந்து லட்சம்தான். தீபாவளிக்கு வந்தபோது டெபாசிட் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்றேன், நீயும் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாய். நான் பொய் சொல்லவில்லை, பத்திரம் இன்றைக்கும் இருக்கிறது. போன ஆவணியிலேயே சட்டம் போட்டுப் பணம் கட்டும் ஆட்டத்தையெல்லாம் மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் முன்னால் மூடியிருந்தால் உன் மனை மிஞ்சியிருக்கும், அதை நீ அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எட்டாம் பிளாக்கில் இருந்த வைத்திலிங்கத்தை உனக்கு நினைவிருக்கும், என்னோடு கன்வேயரில் வேலை பார்த்தவன், பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் முந்நூறு ரூபாய்க்கு வருமான வரி ஃபாரம் போட்டுத் தருகிறான். ஜெயித்தது ஆறு, தோற்றது ஒன்பது லட்சத்துக்கு மேல், கூட்டிக் கழித்தால் நஷ்டம்தானே, பிடித்த வரியை ஏன் விட வேண்டும் என்றான். எனக்கும் நியாயமாகப் பட்டது. அந்த ஆறு லட்சத்தை உனக்கு வந்த கமிஷன் என்று காட்டி, தோற்றதைச் செலவு என்று எழுதினான். புரட்டாசியில் ஒரு லட்சத்து எண்பதாயிரமும் திரும்பி உன் கணக்குக்கு வந்தது. நீ தீபாவளிக்கு வருவதற்குள் எடுத்துவிட்டேன். வளைகாப்பு அதில் நடந்ததுதான். வைத்திலிங்கம் யாருக்கு ஃபாரம் போட்டாலும் தன் மெயிலைத்தான் போடுவான், அதனால் நோட்டீசும் உனக்கு வராமல் அவனுக்கு வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் பயந்துபோய் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான், கோழை.

கடலூரில் ஒரு ஆடிட்டரிடம் போனேன். அந்தப் பெண் உன் வயதுதான் இருக்கும், என்னமாய்ப் பேசுகிறாள். "ஆன்லைன் ஆட்டத்துல ஜெயிச்சத அதுக்குன்னு இருக்கிற எடத்துல தனியா காட்டணும் சார், முப்பது பர்சென்ட் வரி. வேற ஆட்டத்துல தோத்தத இதுல கழிக்கவே முடியாது. கமிஷன்னு எழுதுனது அதவிடப் பெரிய தப்பு" என்றாள். வாங்கிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும், தப்பாகக் காட்டியதற்கு அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு வரைக்கும் போடலாமாம். எல்லாம் சேர்ந்து ஐந்தரை லட்சத்துக்கு மேல் ஆகும். ஆடினது யாரென்று கேட்டாள். மகள் என்றேன். உங்க பொண்ணு ராத்திரி பகலா வெளையாடியிருக்காங்களே என்றாள். அவளுக்குப் படிப்பு நிறைய, புத்தி கம்மி என்றேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், யாராவது விசாரித்தால் நீயும் இதே மாதிரி சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் விவரம் சொன்னபோது உன் அம்மா சமையலறையிலிருந்து கேட்டுவிட்டாள். "எம்பொண்ணு அங்க நின்னுகினே வேல செஞ்சி காலு வீங்கிப் போயி கெடக்குது, நீ இங்க குந்திகினு அது பேர்ல சீட்டாடினியா" என்று கத்தினாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள். நெடுமாறன்தான் அம்மாவை அதட்டினான். வைகாசியில் உன் ஒப்பந்தம் முடிந்ததும் நீ வந்துவிடப் போகிறாய் என்று அவள் கத்தியதில்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் இரண்டு பேருக்குள் அப்படி ஒரு ரகசியம். எனக்கு அது மனதைச் சுட்டது. பெற்ற அப்பனிடம் மறைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய்.

வைகாசியில் வர வேண்டாம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு. மாதம் இருபத்தைந்தாயிரம் அனுப்பினால் வரியும் அபராதமும் அடைந்துவிடும் என்று நெடுமாறன் கணக்குப் போட்டுவிட்டான். நான் ஆடவில்லை, அப்பாதான் ஆடினார் என்று வரி ஆபீசுக்கு நீ எழுதிப் போடலாம். போட்டால் இந்த வயதில் உன் அப்பன் கோர்ட்டுக்கு அலைவான், அண்ணன் வேலைக்குக் கேடு வரும். உன் அம்மா அவன் வீட்டில்தான் சாப்பிடுகிறாள் என்பதையும் யோசித்துக்கொள்.

யோசித்தும் பிரயோசனம் இல்லை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபோன் செய்தேன் அல்லவா, டூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாய். சிலிண்டர் வாசலில் நிற்கிறது, கேஸ் பதிவு உன் நம்பரில்தானே, உன் சிம்முக்கு நம்பர் வந்திருக்கும் சொல் என்றேன். "என்னப்பா, எப்பவும் நாலு நம்பர்தானே வரும், இது ஆறு இருக்குது" என்றாய். புதிதாக மாற்றிவிட்டார்கள் என்றேன். சொன்னாய். அது சிலிண்டருக்கு வந்தது இல்லை. நான்தான் விளையாடினேன், தெரியாமல் தப்பாகக் காட்டிவிட்டேன், வரியும் அபராதமும் கட்டுகிறேன் என்று நோட்டீசுக்கு உன் பேரில் எழுதிய பதிலை அனுப்ப வந்தது. வைத்திலிங்கம் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டுவிட்டான். அம்மா நல்லா இருக்கிறாளா என்று கேட்டாய், நான் அவசரத்தில் வைத்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காலுக்கு எண்ணெய் தேய். உடம்புதான் நமக்கு முதல், அது இருந்தால்தான் சம்பாதிக்க முடியும். எல்லாம் வல்ல இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் நிலைத்த வேலையும் தர வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மறந்துவிட்டேன். வீட்டில் கேஸ் தீரப் போகிறது, அடுத்த வாரம் சிலிண்டர் வரும். இது நிஜமான சிலிண்டர், நாலு நம்பர்தான். கேட்டால் மறுக்காமல் சொல்லிவிடு, இல்லாவிட்டால் உன் அம்மாதான் பட்டினி கிடப்பாள்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா,
பெரியண்ணன்.