சிரட்டை மூழ்கும் வரை

அக்கா,

இன்று சுங்கைப் பட்டாணி கிளினிக்கில் நாடி பார்க்க ஒரு நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "பயப்படாதீங்கம்மா, ஊசி இல்ல லா" என்று சிரித்தாள். ஊசிக்கு யார் பயந்தது?

ஜப்பான்காரன் நம் தோட்டப் பள்ளிக்கூடத்தை அரிசிக் கிடங்காக்கியபோது, பாடம் நின்றுவிடக்கூடாது என்று துடித்தவர் நீங்கள்தான். வாத்தியாரம்மாக்கள் நாம் இருவரும் தோட்டத்து லயம் லயமாக, வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாடித்துடிப்புப் பாடத்துக்குக் கடிகாரம் வேண்டுமே என்று நான் கையைப் பிசைந்தேன். நீங்களோ சிரட்டையில் சின்ன ஓட்டை போட்டு, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டீர்கள். அது மூழ்கும் வரை எண்ண வேண்டும். "வீட்ல இருக்கிற எல்லார் கையையும் புடிச்சு எண்ணுங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னீர்கள். உங்கள் சாமர்த்தியத்தை எனக்கு மெச்சி மாளவில்லை.

அப்போது ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடும் சாவு வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பெண்டாங் ஊர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போயிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். அவர் இருந்ததோ எங்கள் பரணில். பிள்ளைகள் எண்ணிய கணக்கைக் கேட்க நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் ஆறு வயது மகள் ஓடி வந்து, "பெரியம்மா, பரண்ல ஏறி எண்ணுனேன். அப்பாவுக்குத்தான் ரொம்ப வேகமா அடிச்சுச்சு!" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. நீங்கள் அவள் தலையைத் தடவிவிட்டு, என்னிடம் "என் காதுல ஒன்னும் விழல தங்கச்சி" என்றீர்கள். நீங்கள் போனதும் என் வீட்டுக்காரர் உடனே திகாம் பத்து பக்கம் ஓடிவிடுகிறேன் என்றார். "அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல" என்று நான்தான் தடுத்தேன்.

மறுநாள் ஆள் பிடிக்க வந்தவர்கள் வேறெங்கும் தேடவில்லை. நேராகப் பரணுக்கு ஏணி வைத்தார்கள். அன்று மாலையே, அவர்கள் முன்பு பிடித்துச் சென்றிருந்த உங்கள் தம்பி வீடு திரும்பினான். இவர் திரும்பவே இல்லை. தம்பிக்காகச் செய்தீர்கள், புரிகிறது. புரிந்துவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடுமா?

நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி வந்தபோது மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் வழக்கம்போலக் கேட்டாள்: "அப்பாவ யாரும்மா காட்டிக் கொடுத்தா?"

"தெரியாதுடி" என்றேன். உங்கள் பெயரைச் சொன்னால், அன்று தான் ஓடி வந்து சொன்னது அவளுக்கு நினைவு வந்துவிடும். அவளைக் காப்பாற்ற, உங்களையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் அக்கா.