மோட்டார் வேண்டாம் என்றேன்

இன்று காலை ஏழாம் வகுப்புக் கதவைத் திறந்ததுமே ஈரத் தேங்காய்நாரின் வாடை. மேசைமேல் இரண்டு செட். ஒன்று, மோட்டார் போட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுவது. இன்னொன்று, மூடியில் ஓட்டை போட்ட வெறும் தொட்டி. உரத்தண்ணீரில் வேர் தொங்கிக்கொண்டிருக்கும், கரண்டே வேண்டாம். மண்ணில்லாமல் கீரை வளர்க்கப் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஃபேக்டரிக்காரர்கள் இனாமாகத் தருகிறார்கள். எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். கூட நின்று சொல்ல வேண்டியவள், நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

போன தடவை நாம் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு மோட்டார் செட்டைத்தான் வாங்கினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்று வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை ஒட்டினாய். சாயங்காலம் வாட்ச்மேன் வழக்கம்போல மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டார். லேபில் ஒருதரம் வயர் எரிந்ததிலிருந்து நம் பள்ளியில் அதுதான் சட்டம். தினமும் பார்ப்பதுதான், நமக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எளாவூரிலிருந்து உன் போன். "இன்னாடி, மெயினு ஆஃப்ல இருக்குமே, தண்ணி எப்டி ஓடும்?"

ஓடினோம். சாவி இல்லை. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு மக்கால் தண்ணீர் வீசினாய். பாதி தூரம்கூடப் போகவில்லை. கண்ணெதிரே நாற்றெல்லாம் துவண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. நீ கம்பியை ஓங்கிக் குத்தினாய்.

மறுநாள் ஒரு பெண் தன் பெயர் ஒட்டிய செடியைத் தொட்டுப் பார்த்து, "செத்துப்போச்சா மிஸ்?" என்றாள். பூச்சி என்று சொல்லச் சொல்லி ஹெச்.எம். கண் காட்டினார். நான் தலையாட்டியிருப்பேன். நீ முந்திக்கொண்டாய். "பூச்சி இல்லம்மா. நாங்க கரண்ட அணைச்சிட்டுப் போய்ட்டோம். தப்பு எங்களுது."

இன்றைக்கு ஃபேக்டரி ஆள் சொல்கிறார், "மோட்டார் செட்டுதான் மேடம் பெருசு. எங்க போர்டு மாட்ட எடம் இருக்கு. எம்.டி. வந்து போட்டோ எடுத்துக்குவாரு." ஹெச்.எம். என்னையே பார்த்தார். பெண் பிள்ளைகளின் பாத்ரூமுக்குக் கதவு போட்டுத் தருவதாகச் சொல்லியிருப்பதும் இவர்கள்தான். நான் ஃபேக்டரி ஆளிடம் திரும்பினேன்.

"லீவு நாள்ல மெயின ஆஃப் பண்ணிடுவோம் சார். செடி காஞ்சிடும். எங்களுக்குத் தொட்டியே போதும்."

"ஆன்லயே வுட்டுட்டுப் போங்களேன்."

"அத எங்க மேடத்தக் கேளுங்க."

ஹெச்.எம். தரையைப் பார்த்துக்கொண்டு, "முடியாதுங்க" என்றார். அவர் முகம் சுண்டிவிட்டது. மோட்டார் செட் வண்டி ஏறியது. தொட்டி இருக்கிறது. கதவு வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் அந்தப் பெண்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

உன் கோபம் எனக்கு வந்துவிட்டது. ஆனால் யாரிடம் சண்டை போட்டாயோ, அவர் எதிரிலேயே போய் உட்கார்ந்து, "ஊறுகா வெச்சிருக்கீங்களா?" என்று டிபன் டப்பாவைத் திறப்பாயே, அது எனக்கு வரவில்லை. மத்தியானம் டப்பாவோடு ஹெச்.எம். அறை வாசல்வரை போனேன். நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.