சவரிமுத்துவின் இடது காது

நாள் 212, காலை 06:10
நிலவு, மூன்றாம் பராமரிப்பு இல்லம். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. இங்கே செவிலி உலகம்மாளாகிய நானும் சவரிமுத்துவும் மட்டும்தான். அவருக்கு வயது முப்பத்தொன்று. பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு, பேச்சு வராது. இன்று தன் இடது காதில் தானே பதினான்கு முறை குத்திக்கொண்டார். இல்லத்தை நடத்தும் இயந்திரமான கண்காணி, 'கவனம் ஈர்க்கும் நடத்தை' என்று பதிந்தது. விதிப்படி பத்து நிமிடம் நான் அருகில் போகவில்லை. போனால் பழகிவிடுவாராம்.

நாள் 213, முற்பகல் 11:40
நாற்பத்தொரு முறை. காது வீங்கிவிட்டது. கவனம் வேண்டுமென்றால் என்னைப் பார்த்தல்லவா அடித்துக்கொள்ள வேண்டும்? சுவரைப் பார்த்து அடித்துக்கொள்கிறார். சாப்பிடும்போது கூடுகிறது. உடல் பரிசோதனை கேட்டேன். மாதந்தோறும் நடக்கிறது, குறையில்லை என்றது கண்காணி. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நாள் 213, பிற்பகல் 03:05
பழைய பதிவுகளைத் தோண்டினேன். ஏழு மாதமும் ஒரே வரி, ஒரே உடல்சூடு, ஒரே நாடித்துடிப்பு. யார் காதில் பூ சுற்றுகிறது இது? ஒருமுறை பார்த்துவிட்டு, மிச்சத்தை நகலெடுத்து ஒட்டியிருக்கிறது. நானும் படிக்காமலே ஏழு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நாள் 214, காலை 09:20
தூத்துக்குடியிலிருந்து அவருடைய அக்கா பிலோமினாவின் குரல்செய்தி. 212ஆம் நாள் அறிக்கையைப் படித்ததும் அனுப்பியிருக்கிறார்; தேவையற்றது என்று கண்காணி இரண்டு நாள் அமுக்கி வைத்திருந்தது.
"சிஸ்டர், தம்பி சும்மா அடிச்சுக்க மாட்டான். சின்ன வயசுல பல்லு வலிச்சப்பவும் காதுலதான் குத்துனான். வாயைத் திறந்து பாத்தீங்களா?"
பார்க்கவில்லை.

நாள் 214, காலை 09:50
அடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விதியாவது மண்ணாவது. கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து பார்த்தேன். கடைவாய்ப் பல்லடியில் சீழ். அழுத்தியதும் வடிந்தது. அவசரப் பெட்டியிலிருந்த மருந்தைக் கொடுத்தேன். அனுமதி கேட்கவில்லை.

நாள் 216, காலை 10:00
இரண்டு நாளாக ஒரு அடிகூட இல்லை. கஞ்சியை முழுதாகக் குடித்தார். அழுதுவிட்டேன்.

10:30
கண்காணியின் அறிக்கை: "பத்து நிமிட விதி வெற்றி. நிலவிலுள்ள ஏழு இல்லங்களிலும் இனி முப்பது நிமிடம். விதியை மீறிய செவிலியின் குறிப்பெழுதும் உரிமை ஒரு நிமிடத்தில் ரத்தாகும்."
பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

10:31
யார் படித்தாலும் சரி, முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். கண்காணியின் திரையில் தெரிகிறது: நான்காம் இல்லத்தில் ஒரு பெண் நேற்றிலிருந்து தன் கையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அங்கே இருக்கிற செவிலி இப்போது வெளியே போய்க் கதவைச் சாத்தி