பட்டத்துராணிக்கு வைக்கும் படி

மார்ச் 4

தானியத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். அரைத் தொட்டிகூட இல்லை. புது மக்காச்சோளம் வர இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. இந்த வீட்டில் சோளம் தின்பவர்கள் மூன்று பேர்: நான், வீட்டுக்காரர், பட்டத்துராணி. எங்கள் இருவருக்கும் ஒரு நாளைக்கு ஒரு படி. அவள் ஒருத்திக்கு நாலு படி! மற்ற இரண்டு மாடுகளும் வைக்கோலைத் தின்றுவிட்டுத் தேமே என்று நிற்கின்றன. பதினாலு லிட்டர் கறக்கிறாளாம், அதனால் இவளுக்கு மட்டும் விருந்து.

விற்றுவிடலாம் என்றேன். "நமக்கு இல்லேன்னாலும் அதுக்கு இல்லேன்னு சொல்லாதே" என்கிறார். கல்யாணமாகி இருபது வருடம். எனக்காக இப்படி ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை.

மார்ச் 6

மாட்டு டாக்டர் வந்தார். தொட்டியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாட்டுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வயிறு? நாம தின்ன முடியாததைத் தின்னு பாலாக்கத்தான். நீங்க அதை உங்க தட்டுக்கே பங்குக்கு வர வெச்சிருக்கீங்க."

தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காய்ந்த சோளத்தட்டையை நறுக்கிப் போடச் சொன்னார். சந்தையில் கழிக்கும் முட்டைக்கோஸ் இலையும் போடலாமாம். பால் சற்றுக் குறையுமாம். "பத்துக்குக் கீழே போனா வித்துடறது" என்றேன். வீட்டுக்காரர் தலையாட்டினார், பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி.

மார்ச் 15

இரண்டு படி குறைத்தாயிற்று. பால் அதே பதினாலு! டாக்டருக்கே போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். "ஆச்சரியமா இருக்கே" என்றார். நம் கை ராசி அப்படி.

மார்ச் 21

வீட்டுக்காரர் கொஞ்ச நாளாகவே மூன்று வேளையும் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார். அங்கேதான் காற்று வருகிறதாம். சாணி வாசனையோடு காற்று! போகட்டும், எனக்குப் பரிமாறுகிற வேலை மிச்சம்.

மார்ச் 29

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். "தோல் நீண்டு போச்சு" என்றார். தோல் எங்கேயாவது தானாக நீளுமா?

ஏப்ரல் 2

கொட்டகையைக் கூட்டப் போனேன். பட்டத்துராணி மூக்கை நீட்டி என் கையை முகர்ந்தாள், முந்தானையை முகர்ந்தாள், நாக்கை நீட்டினாள். அப்போதுதான் சோள ரொட்டி சுட்டுவிட்டு வந்திருந்தேன். மாட்டுக்கு எப்படி ரொட்டி வாசனை பழக்கமாயிற்று?

மத்தியானம் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மூணு ரொட்டி. மூணையும் பிச்சுப் பிச்சு அதுக்கு ஊட்டிட்டு, கீழே விழுந்த துணுக்கைத் தட்டி இவர் வாயில போட்டுக்கறார்! மூணு வேளையும் இதேதானா? தானியத்தைக் குறைச்ச நாள்லேருந்தா? உள்ளே போய்த் தட்டைப் பிடுங்கிட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். "உங்களுக்குப் புத்தி இருக்கா? நாளைக்கு நீங்க படுத்துட்டா அதுவா வந்து கஞ்சி காய்ச்சும்?"

"அது என்னையே பாத்துச்சு. நான் எப்படிம்மா தின்னறது?" என்றார். கத்திட்டிருந்தவ அழுதுட்டேன். என் கைராசியும் போச்சு, டாக்டர்கிட்ட என் மானமும் போச்சு.

ஏப்ரல் 3

இனி என் கண் முன்னால் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். சட்டம்.

ஏப்ரல் 14

தானியம் அரைப் படிதான் வைக்கிறேன். மற்றதெல்லாம் தட்டையும் கோஸ் இலையும். பால் பதினொன்று.

ஏப்ரல் 20

ஒன்பதரை. பத்துக்குக் கீழே. இவர் மாட்டுத் தரகர் நம்பரை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். ஒரு தடவையாவது சண்டை போடக்கூடாதா இந்த மனுஷன்?

ஏப்ரல் 23

தரகர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், முதுகைத் தட்டினார். இவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு கறக்கும்மா?"

"எட்டு" என்றேன். ஒன்றரை லிட்டரை ஏன் முழுங்கினேன்? வாய் தானாகச் சொன்னது. ஆரம்பித்த பிறகு நிற்கவும் இல்லை. "உதைக்கும். கயிற்றை அறுக்கும். போன வாரம் பால்காரரை முட்டிச்சு."

"எப்போ முட்டிச்சு?" என்று இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் காலை ஓங்கி மிதித்தேன். அதற்குள் பட்டத்துராணி தரகரின் சட்டைப் பையைப் பாசமாக நக்கிக்கொண்டிருந்தாள், என் மானத்தை வாங்க.

"இந்த உடம்புக்கு எட்டு லிட்டர் கட்டாதும்மா" என்று சொல்லிவிட்டுத் தரகர் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்புறம்தான் புரிந்ததுபோல, இவர் தூணிலேயே சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். இருபது வருடத்தில் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

ஜூன் 8

புதுச் சோளம் வந்தது. பட்டத்துராணிக்குத் தட்டை, எங்களுக்கு மணி. பால் ஒன்பதரையிலேயே நிற்கிறது, நிற்கட்டும்.

ராத்திரி இவர் நாலு ரொட்டி சாப்பிட்டார். ஐந்தாவதை எடுத்துப் பிய்த்தபோது கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் வாயில்தான் போட்டார்.